ஆறு பாட்டில் வெள்ளை

அம்மா மோர் கலக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சின்னக் கிண்ணம் கெட்டித் தயிர். அதைப் பெரிய பாத்திரத்தில் கவிழ்த்து, மத்தால் நாலு சுற்றுச் சுற்றி, தாராளமாக வெள்ளம் விட்டு, உப்பும் நசுக்கிய இஞ்சியும் போட்டு, மூடி ஃப்ரிட்ஜில் வைத்தாள். மலையாளம் பேசுகிற ஊர் என்பதால், எங்கள் வலியசாலை வீட்டில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். வெயில் காலத்தில் அந்த ஒரு கிண்ணம் தயிர் வீடு முழுவதற்கும் சாயங்காலம் வரை ஓடும். யார் எப்போது வந்து கேட்டாலும் பாத்திரத்தைச் சாய்த்து டம்ளரில் ஊற்றிக் கொடுக்க வேண்டியதுதான். ஆளுக்கு ஒரு தடவை கலக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். பெயிண்ட்டையும் இதே மாதிரி ஒரேயடியாகக் கலக்கி வைத்துவிட்டால் என்ன?

"என்னடி, குடிக்காம முழிச்சிண்டு நிக்கறே?" என்றாள் அம்மா.

"ஒரு ஐடியா வந்திருக்கும்மா."

"டம்ளரைக் கழுவி வெச்சுட்டு அப்பறம் ஐடியா பண்ணு."

நான் கழுவவில்லை. மாடிக்கு ஓடினேன்.

மாடி அறையில், என் இன்ஜினீயரிங் புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மேஜை முழுவதும் ஒரு விமானம் உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் கூனல் விழுந்த பெரிய ஜம்போ. என் முழங்கை வரை நீளம். அது என்னுடையதல்ல, அத்திம்பேருடையது. அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டு மஸ்கட்டில் வேலை பார்க்கிறவர். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இந்த மாதிரி ப்ளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி ஒரு விமானம் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை. அங்கே ஒரு கடையில் பெட்டியைப் பார்த்ததும் வாங்கிவிட்டார். வாங்கின பிறகு பெட்டி அலமாரியில் தூங்கியது. ஆபீஸ், ஓவர்டைம், அக்கா, கைக்குழந்தை என்று நேரமே கிடைக்கவில்லை. போன லீவுக்கு வந்தபோது பெட்டியை அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டார்.

"பொறுமை வேணும்னு பெட்டி மேலேயே எழுதியிருக்கான். அது உனக்குக் கிடையாது, தெரியும். ஆனா உனக்குக் கை இருக்கு. அடுத்த லீவுக்கு நான் வர்றச்சே முழு ப்ளேனாப் பாக்கணும், கேட்டியா?"

கூடவே ஒரு ஏர்பிரஷ்ஷும் கொடுத்தார். பேனா மாதிரிப் பிடித்துக்கொள்கிற சின்னத் துப்பாக்கி அது. மேலே ஒரு குட்டிக் கிண்ணம். பின்னால் காற்றுக் குழாய். விசையை அமுக்கினால் பெயிண்ட் புகையாக வந்து படியும், பிரஷ் இழுத்த கோடு விழாது. அப்புறம் சின்னச் சின்ன அக்ரிலிக் பெயிண்ட் பாட்டில்கள்: நீலம், கறுப்பு, சாம்பல், வெள்ளை. விமானத்தில் முக்கால்வாசி வெள்ளை. வெள்ளை பாட்டிலோ ஒன்றே ஒன்று. பெயிண்ட்டை நீர்க்க வைக்க அதோடு சேர்த்து விற்கிற தின்னரை வாங்க அத்திம்பேர் மறந்துவிட்டார். இந்த ஊரில் தேடினால் தின்னரும் கிடையாது, இன்னொரு வெள்ளையும் கிடையாது.

கிடையாது என்பதை நான் சும்மா சொல்லவில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு பெயிண்ட் கடை விடாமல் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் திருநெல்வேலிக்கார அண்ணாச்சி ஒருவர், கலர் அட்டையை என் முன்னால் விரித்துப் போட்டுவிட்டுக் கேட்டார்:

"எந்தச் சொவருக்கும்மா?"

"சொவருக்கு இல்லை அண்ணாச்சி. ப்ளேனுக்கு."

"ப்ளேனுக்கா?" அண்ணாச்சி உள்பக்கம் திரும்பினார். "ஏலே, பாப்பாவுக்கு ஏரோப்ளேனுக்கு அடிக்கணுமாம். இருவது லிட்டர் வாளி காணுமாலே?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீடு வரும்வரை பற்களைக் கடித்துக்கொண்டு வந்தேன். சுவருக்கு, கேட்டுக்கு, கட்டிலுக்கு, படகுக்கு எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் பெயிண்ட் இருந்தது. எனக்கு வேண்டியது ஒரு முட்டை ஓட்டளவு வெள்ளை.

ஆக, இருக்கிற வெள்ளையை வைத்துச் சமாளிக்க வேண்டும். அதை நீர்க்க வைத்தால்தான் ஏர்பிரஷ்ஷின் ஊசித்துளை வழியாக வரும். எவ்வளவு நீர்க்க? இன்டர்நெட் கஃபேயில் உட்கார்ந்து படித்த பக்கங்கள் எல்லாம் ஒரே பதிலைச் சொல்லின: பால் பதம். எந்தப் பால் என்று ஒருத்தரும் எழுதவில்லை. எனக்குத் தெரிந்த பால், அம்மா கவரை வெட்டி ஊற்றி, அதே கவருக்குள் வெள்ளம் பிடித்து அலசி, அதையும் சேர்த்துக் காய்ச்சுகிற பால். அந்தப் பதத்தில் கலக்கி ஒரு ப்ளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பார்த்தேன். ஸ்பூன் முழுவதும் கண்ணீராக ஓடியது. கொஞ்சம் கெட்டியாகக் கலந்தால் துளை அடைத்துக்கொண்டது. ஸ்பூன் ஸ்பூனாகப் பாழாக்கிய பிறகு ஒருவாறு பதம் பிடிபட்டது. ஆனால் மூடியில் நாலு சொட்டு, ஐந்து சொட்டு என்று கலக்குவதால் ஒவ்வொரு கலவையும் ஒவ்வொரு மாதிரி வந்தது. காலையில் சரியாக வந்தது மத்தியானம் வராது. கலக்குவது, அடிப்பது, அடைப்பது, கழற்றிக் கழுவுவது, மறுபடி கலக்குவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய், வாலின் ஒரு பக்கம்கூட முடிந்திருக்காது. எனக்குக் காத்திருப்பது என்றாலே உடம்பு அரிக்கும். கழுவுவதற்காகக் காத்திருப்பது இன்னும் மோசம்.

அதனால்தான் மோர்ப் பாத்திரத்தைப் பார்த்ததும் அப்படி ஓடினேன். முழு பாட்டிலையும் ஒரே தடவையில், ஒரே பதத்தில் கலக்கிப் பகிர்ந்து வைத்துவிட்டால் வேண்டும்போது ஊற்றி அடிக்கலாம். எல்லா இடத்திலும் ஒரே வெள்ளை. இவ்வளவு சுலபமான விஷயம் உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றவில்லையே என்று நினைத்தேன். தோன்றியவர்கள் ஏன் செய்யவில்லை என்று நான் யோசிக்கவில்லை.

எந்தத் தண்ணீர் என்பதை மட்டும் யோசித்தேன். அதுவும் பெருமையாகவே யோசித்தேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் நெடி அடிக்கும், காய்ந்தால் வெள்ளைப் படிவு விடும். கிணற்றுத் தண்ணீரில் என்னென்ன இருக்குமோ. சுத்தமான தண்ணீர்தான் வேண்டும் என்று எல்லாப் பக்கத்திலும் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் சுத்தமான தண்ணீர் என்றால் அடுக்களை மேடையில் எவர்சில்வர் குடத்தில் இருப்பது. கொதிக்க வைத்து, ஆற வைத்து, துணியில் வடிகட்டியது. பிறந்ததிலிருந்து நான் குடிப்பது அதைத்தான். அதில் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டேன். வெளிச்சத்தில் பார்த்தால் லேசான மஞ்சள் தெரிந்தது. வெள்ளைப் பெயிண்ட்டில் விட்டதும் அந்த மஞ்சள் காணாமல் போயிற்று.

பாட்டில்களுக்கு அப்பாவிடம் போனேன். அப்பா ஹோமியோபதி ஆள். தும்மினாலும் துக்கமானாலும் அவருக்கு வெள்ளை உருண்டைதான் மருந்து. காலி பாட்டில்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன. ஆறு பாட்டில்களை எடுத்து, வெந்நீரில் கொதிக்க வைத்து, வெயிலில் காயவைத்தேன். கலக்கினேன். பதம் பார்த்தேன். ஊற்றினேன். மேஜை மேல் வரிசையாக ஆறு வெள்ளைப் பாட்டில்கள் நின்றன. ஒன்று ஆறானதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் திருப்தி தாங்கவில்லை.

மறுநாள் காலை பின்கட்டில், கிணற்றடிக்குப் பக்கத்தில், டிவி வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதற்குள் விமானத்தை வைத்து அடித்தேன். காற்றுக்கு அப்பாவின் ஸ்கூட்டர் உதவியது. ஏர்பிரஷ்ஷோடு வந்த காற்று டப்பா எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. ஆனால் டயர் வால்வில் மாட்டுகிற ஒரு பித்தளைத் துண்டும் பெட்டியில் இருந்ததால், ஸ்டெப்னியைக் கழற்றி அதிலிருந்து காற்றை எடுத்துக்கொண்டேன். வலப்பக்க இறக்கை, வலப்பக்க உடம்பு, வால். அடைப்பில்லை, வழியவில்லை. பீங்கான் தட்டு மாதிரி வந்தது. அம்மாகூட ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"நன்னாத்தான் இருக்கு. கடைல வாங்கினாப்பலே இருக்கு."

அம்மாவிடம் அதற்கு மேல் பாராட்டுக் கிடையாது. அந்த ஞாயிறு ஐ.எஸ்.டி. வந்தபோது அக்காவிடமிருந்து ரிசீவரை அத்திம்பேர் பிடுங்கிக்கொண்டார்.

"ப்ளேன் எப்படி இருக்கு?"

"ஒரு பக்கம் முடிஞ்சாச்சு அத்திம்பேர். சூப்பர்."

"வெள்ளை போறுமா? ஓணத்துக்கு வர்றச்சே இன்னொண்ணு கொண்டுவரட்டுமா?"

"வேண்டவே வேண்டாம். ஆறு பாட்டில் கலக்கி வெச்சிருக்கேன். நீங்க வேணும்னா வால்ல ஒட்டற ஸ்டிக்கர் கொண்டு வாங்கோ."

அப்போது அது உண்மைதான். சத்தியமாக உண்மைதான்.

பிறகு கல்லூரி திறந்தது. மழையும் திறந்தது. சீரீஸ் டெஸ்ட், லேப் ரெக்கார்ட், நனைந்த செருப்பு. பின்கட்டில் கால் வைக்க முடியாமல் தண்ணீர். விமானம் பாதி வெள்ளையும் பாதி ப்ளாஸ்டிக் சாம்பலுமாக மேஜை மேல் காத்துக்கொண்டிருந்தது. மழை விட்ட ஒரு சனிக்கிழமை, இரண்டாவது பாட்டிலைத் திறந்தேன். என்னவோ நெடி அடித்தது. பெயிண்ட் என்றால் நெடி இருக்கத்தானே செய்யும் என்று குலுக்கினேன். அடியில் ஏதோ கட்டியாக உருண்டது. மூடிவைத்தால் அப்படித்தான் படியும் என்று இன்னும் பலமாகக் குலுக்கி ஊற்றி, இடப்பக்கம் அடித்தேன்.

முதலில் நன்றாக வந்தது. பிறகு இருமியது. பெயிண்ட் புகையாக வராமல் துப்பலாக வந்தது. விமானத்தின் இடப்பக்க உடம்பு முழுவதும் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கு நடுவிலும் சின்னக் குழி. காய்ந்த பிறகு பார்த்தால் வெள்ளையே வேறு வெள்ளை. வலப்பக்கம் புது வேஷ்டி, இடப்பக்கம் அப்பாவின் பழைய பனியன்.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எனக்கு எல்லாம் உடனே தெரியும். தேங்காய் எண்ணெய்! எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் குழி விழும் என்று படித்திருந்தேன். எங்கள் வீட்டில் எண்ணெய் படாத பொருள் எது? தலையில் எண்ணெய், கதவுப் பிடியில் எண்ணெய், என் பின்னல் தொட்ட நோட்டில் எண்ணெய். இடப்பக்கத்தைத் தேய்த்து எடுத்தேன், சோப்புப் போட்டுக் கழுவினேன், தலையில் ப்ளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு மறுபடி அடித்தேன்.

"யாராவது பார்த்தா என்ன நெனைப்பா?" என்றாள் அம்மா. "டை அடிச்சிண்டிருக்கேன்னு நெனைப்பா."

மறுபடி புள்ளி.

அப்படியானால் காற்றில் ஈரம். மழைக்காலக் காற்றைத்தானே சைக்கிள் கடைக்காரன் டயரில் அடைக்கிறான்? குழாய் நடுவில் ஒரு சின்ன டப்பாவைச் செருகி, பஞ்சும் வறுத்த உப்பும் அடைத்து, ஈரத்தை உறிஞ்ச வைத்தேன். அதற்காக ஸ்டெப்னி காற்று முழுவதும் செலவானது. மறுபடி புள்ளி. இந்தத் தடவை புள்ளியோடு உப்பும்.

திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குக் கிளம்பிய அப்பா கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு, சட்டை முதுகில் ஒட்ட. கிள்ளிப்பாலத்தில் பங்சர். இறங்கி, டூல்ஸ் எடுத்து, சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி, ஏறி உட்கார்ந்த பிறகுதான் அதில் காற்றே இல்லை என்று தெரிந்திருக்கிறது.

"ஸ்டெப்னில இருந்த காத்து எங்கடி போச்சு?"

"ப்ளேன்ல போச்சுப்பா."

அம்மா உள்ளே சிரித்த சத்தம் கேட்டது. அப்பா சிரிக்கவில்லை. "ஒண்ணு செய். அந்த ப்ளேன்லயே என்னை ஆபீஸ்ல எறக்கி விட்டுடு" என்றார். அன்று மாலை ஸ்டெப்னிக்கு ஒரு சங்கிலியும் பூட்டும் வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகு சைக்கிள் கடையில் ஒரு பழைய லாரி ட்யூப் வாங்கி, அதில் காற்று நிரப்பி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டார்: "மோள் நீந்தல் படிக்குந்நோ?" ஆமாம், நீச்சல்தான் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது பாட்டில், நான்காவது பாட்டில். ஊசியைக் கழற்றிப் பார்த்தேன், துளையைக் குடைந்தேன், பெயிண்ட்டைத் துணியில் வடிகட்டினேன். துணியில் கோழை மாதிரி ஏதோ தங்கியது. எதைக் கண்டாலும் அதுதான் காரணம் என்று நம்பினேன், அரை நாளில் அது இல்லை என்று ஆனது. இடப்பக்கத்தை எத்தனை தடவை தேய்த்தேனோ, ஜன்னல் ஓரக் கோடுகள் மழுங்கிப்போயின. இந்த விமானத்தைப் பெட்டியோடு கிணற்றில் போட்டுவிட்டு, அத்திம்பேரிடம் எலி கொண்டுபோய்விட்டது என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நாள் தோன்றியது. வீட்டில் நான் பேசிய ஒரே வார்த்தை "ச்சே."

காரணம் கல்லூரியில்தான் பிடிபட்டது. ஒரு ஹர்த்தால் கடையடைப்பும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வந்ததில், என் தண்ணீர் பாட்டில் லேப் மேஜைக்கு அடியிலேயே கிடந்துவிட்டது. திரும்பிப் போன அன்று, தாகத்தில் அதைத் திறந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி நாற்காலியோடு பின்னால் தள்ளிப் போனாள்.

"அய்யே, எந்தொரு நாற்றம்! இதெந்தாடீ இதினகத்து?"

"உள்ளே வெறும் வெள்ளம்தான்" என்றேன்.

"வெள்ளத்தினு இங்ஙனெ நாற்றமோ? நீயெந்தா, மீன் கழுகியோ?"

மீன் கழுவினாயா என்று அவள் கேட்டுக்கொண்டிருக்க, நான் பாட்டிலை மறுபடி மூக்குக்குக் கொண்டுபோனேன். எனக்கு அந்த நெடி தெரியும். மாடி அறையில் மூடி திறக்கும்போதெல்லாம் முகத்தில் அடித்த அதே நெடி. பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் மெல்லிய கோழை, நூலாக ஆடிக்கொண்டிருந்தது.

ஜீரக வெள்ளம். இந்த ஊரில் குடிக்கிற தண்ணீரை யாரும் வெறுமனே கொதிக்க வைப்பதில்லை. ஜீரகமோ சுக்கோ ஏதாவது போட்டுத்தான் கொதிக்க வைப்பார்கள். எங்கள் வீட்டில் தினம் ஒரு பிடி ஜீரகம். அன்றன்றைக்குக் குடித்து, மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிடுவதால் அது கெட்டுப்போய் நான் பார்த்ததே இல்லை. பிறந்ததிலிருந்து குடிப்பதால் அது எனக்குக் கஷாயமாகத் தோன்றவே இல்லை, தண்ணீராகத்தான் தோன்றியது. சுத்தமான தண்ணீர் என்று தேடித் தேடி, அத்திம்பேரின் ஒரே பாட்டில் வெள்ளைக்குள் ரசத்துக்குத் தாளிக்கிற சாமானின் சாற்றை ஊற்றி, மூடி போட்டு, மழைக்காலம் முழுவதும் புழுக்கத்தில் வைத்திருந்தேன். குளோரின் நெடியடிக்கிற குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தால்கூட இவ்வளவு கேவலமாகியிருக்காது.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போகாமல் நேரே மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். இன்னும் இரண்டு பாட்டில் மீதி இருந்தது. அழுகினதை எது கொல்லும்? ஸ்பிரிட். அக்ரிலிக்கை ஸ்பிரிட் விட்டும் நீர்க்கலாம் என்று எங்கோ படித்த ஞாபகமும் இருந்தது. கடைக்காரர் பாட்டிலைக் கையில் கொடுக்காமல் கேட்டார்:

"ஆர்க்கா மோளே, முறிவு பற்றியோ?"

"யாருக்கும் காயம் இல்லை சேட்டா. ப்ளேனுக்கு."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பஞ்சும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

ஐந்தாவது பாட்டிலில் ஸ்பிரிட்டை விட்டேன். பால் திரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? எலுமிச்சை பிழிந்ததும் ஒரு நொடி ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும், அடுத்த நொடி மேலே தண்ணீரும் கீழே கட்டியுமாகப் பிரியும். அதேதான். நல்ல பெயிண்ட்டாக இருந்தாலும் இப்படித் திரிந்திருக்குமா, அழுகியதால் திரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நிதானமான ஆளாக இருந்தால் ஆறாவது பாட்டிலையாவது மிச்சம் வைத்திருப்பாள். ஒருவேளை ஸ்பிரிட் அதிகமாகிவிட்டதோ என்று, கொஞ்சமாக விட்டு அதையும் திரிய வைத்தேன்.

ஓணத்துக்கு முன்னால் அத்திம்பேர் வந்தார். செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக மாடிப்படி ஏறினார். பின்னால் அக்கா கத்திக்கொண்டே வந்தாள்: "கையைக் காலை அலம்பிண்டு போங்கோ, ப்ளேன் எங்கயும் பறந்துடாது!"

நான் விமானத்தை, வலப்பக்கம் தெரிகிற மாதிரி, சுவரோரமாக வைத்திருந்தேன். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் மலர்ந்தது. "அடி சக்கை!" என்றார். பிறகு கிட்டே வந்து, இரண்டு கையாலும் தூக்கி, மெதுவாகத் திருப்பினார்.

நான் எதிர்பார்த்தது கேலி. அவர் எதற்கும் கேலி செய்கிற மனுஷர். கேலி வரவில்லை. இறக்கைக்குப் பின்னால், மழுங்கிப்போன ஜன்னல் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"மொதல் தடவை மஸ்கட் போறச்சே இங்கதான் உக்காந்திருந்தேன். இந்தப் பக்கம்தான்."

"எனக்குத் தெரியாது அத்திம்பேர்."

"நான் சொன்னதில்லையே, உனக்கு எப்படித் தெரியும்?" அப்புறம்தான் கொஞ்சம் சிரித்தார். "வலது பக்கம் உக்காந்திருக்கலாம். என்னாச்சு, இதுக்கு அம்மை போட்டிருக்கா?"

நடந்ததைச் சொன்னேன். வேகமாகச் சொன்னேன், மோரில் ஆரம்பித்து ஸ்பிரிட் வரைக்கும், மூச்சு விடாமல். ஜீரக வெள்ளம் என்றதும் அக்கா கட்டிலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். "அம்மா! இவ ப்ளேனுக்கு அஜீர்ணமே வராது!" என்று கீழே பார்த்துக் கத்தினாள். அத்திம்பேர் சூட்கேஸிலிருந்து எனக்காகக் கொண்டுவந்ததை எடுத்துக் கொடுத்தார். நான் கேட்ட ஸ்டிக்கர். வால் நீலத்துக்கு இன்னொரு பாட்டில் நீலம். வெள்ளை இல்லை. வேண்டவே வேண்டாம் என்று நான்தானே சொன்னேன்.

"அங்க போனதும் அனுப்பறேன்" என்றார்.

"நீங்க பாக்கணுமே."

"அடுத்த லீவுக்குப் பாத்துக்கறேன்."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் விமானத்தை மேஜையில் வைக்கும்போது இடப்பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தார். அதைப் பார்த்த பிறகு எனக்கு ஓணமும் இல்லை, சத்ய விருந்தும் இல்லை. பாயசத்தை நின்றுகொண்டே குடித்தேன்.

அவருடைய லீவு இன்னும் முடியவில்லை. இடப்பக்கம் முழுவதையும் உரித்துவிட்டேன். ஸ்பிரிட் இதற்காவது உதவியது. பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் பழைய வெள்ளை தோலாக வந்துவிடுகிறது. கல்லூரிக்கு எதிரில் இருக்கிற ஸ்டேஷனரி கடையில், படம் வரைகிறவர்களுக்கான அக்ரிலிக் ட்யூப் ஒன்று கிடைத்தது. வெள்ளை. விமானத்துக்கு என்று செய்ததல்ல, கான்வாஸுக்குச் செய்தது. பற்பசை மாதிரி கெட்டி. தண்ணீரை பேட்டரிக் கடையிலிருந்து வாங்கினேன். காய்ச்சி வடித்தது, பேட்டரிக்கு ஊற்றுவது, எந்த வாசனையும் இல்லாதது. அதன் மேல் அம்மா பார்க்கும்படி பெரிய எழுத்தில் 'குடிக்காதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நேற்றைய முதல் ஸ்பூன் தோல்வி. ட்யூப் பெயிண்ட்டில் ரவை ரவையாக மணி இருக்கிறது, துளையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டாவது ஸ்பூன் வழியவில்லை, அடைக்கவில்லை, ஆனால் நிறம் ஏறவே இல்லை. கண்ணாடி மாதிரியான அந்த ஸ்பூனுக்குப் பின்னால் பிடித்த என் விரல் தெரிந்தது. ட்யூபைத் தூக்கி எறியப் போனேன். அத்திம்பேர் என் கையிலிருந்து வாங்கி, மூடி போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழே போய்விட்டார். இன்று காலை காப்பிக்குப் பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்.

நாளைக்கு மூன்று ஸ்பூன். மூன்றுக்கும் மூன்று விதக் கலவை, அக்காவின் பழைய நைலான் துப்பட்டாவில் இரண்டு மடிப்பு வைத்து வடிகட்டி. ஒன்றில் தண்ணீரும் பெயிண்ட்டும் சரிபாதி, ஒன்றில் தண்ணீர் கொஞ்சம் கூட, ஒன்றில் மெல்லியதாகவே கலந்து, ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது, அதுவும் காய்ந்த பிறகு அதற்கடுத்தது. கடைசி வழிக்குத்தான் நிறைய நேரம் பிடிக்கும். அதனால் அதுதான் சரியாக வரும் என்று பயப்படுகிறேன். கலக்குவது அந்தந்த வேளைக்கு வேண்டியது மட்டும், மிஞ்சினால் கொட்டிவிடுவது. விசையை அமுக்கப்போவது அத்திம்பேர். பூச்சுக்கும் பூச்சுக்கும் நடுவில் நான் விமானத்தைத் தொடாமல் இருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள அக்காவை மாடிப்படியில் உட்கார வைக்கப்போகிறார்களாம். லாரி ட்யூபுக்குக் காற்றடிக்க சைக்கிள் கடைக்கு இப்போதே போக வேண்டும், காலையில் கூட்டமாக இருக்கும்.